கடல் மீன் தொட்டி: மீனுக்கு முன்னால் தண்ணீர்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

கடல் மீன் தொட்டி வைக்க உள்கடன் கேட்டு நாலைந்து உறுப்பினர்கள் மனு கொடுத்திருக்கீங்க. நல்ல யோசனைதான். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறை மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. மகளிர் குழுக்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தொழிலாகச் செய்வதற்கு முன், வீட்டில் ஒரே ஒரு தொட்டியில் கை பழகுங்கள்.

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம் போதும். சுமார் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னதாக வாங்கினால் மிச்சம் என்று நினைக்காதீங்க. தண்ணீர் குறையக் குறைய சீக்கிரம் கெட்டுப்போகும்.

கடல் தண்ணீர் நமக்குக் காசில்லாமல் கிடைக்கும். துறைமுகம், இறால் பண்ணை, ஆற்று முகத்துவாரம் பக்கம் எடுக்க வேண்டாம். துணியில் வடிகட்டுங்கள். உள்ளூரில் இருப்பவர்கள் இதற்கென்றே விற்கிற உப்புக் கலவையை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் கரைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. ஏன் என்று உப்பளத்துல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும்: உப்பு வாரிய பிறகு கசப்புத் தண்ணியை வெளியேத்துறோமே, மெக்னீசியமெல்லாம் அதோட போயிடுது.

இன்னொன்றும் உப்பளத்துப் பாடம்தான். வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் தினமும் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், கடல் தண்ணீர் இல்லை. வாரம் ஒருமுறை ஆறு லிட்டர் எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் கடல் தண்ணீர்.

காற்று மோட்டாரும் பஞ்சு வடிகட்டியும் போட்டு ஓடவிட்டவுடன் மீன் வாங்கத் துடிப்போம். அங்கேதான் காசு போகிறது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை மாற்றுகிற நுண்ணுயிர்கள் பஞ்சில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுங்கள், நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. கொஞ்சம் நாறும், வீட்டுக்காரர் முணுமுணுப்பார், இருக்கட்டும். சோதனை மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். அந்தச் சோதனை மருந்தில் சிக்கனம் பார்க்காதீங்க.

முதலில் கோமாளி மீன் இரண்டே இரண்டு. எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், பெரியது பெண்ணாக மாறிவிடும். ஜோடி தேடி அலைய வேண்டியதில்லை! ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி போதும்.

அழகுக்காகக் கடலில் இருந்து பவளம் எடுத்து வந்து வைக்கவே கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிறைத் தண்டனை உண்டு. கரையில் கிடக்கிற செத்த பவளத்தையும் தொடாதீங்க.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடனை இரண்டு தவணையாகக் கொடுங்கள். தொட்டி, மோட்டார், சோதனை மருந்துக்கு முதலில். மீனுக்கான பணம் சோதனை முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு. ஆறு வாரமும் சும்மா கிடக்கிற பணத்துக்கு யாரும் வட்டி கட்ட வேண்டாம்.