காயத்தை ஆற்றும் தட்டணுக்கள்

 

பாறையிலும் பரிசலிலும் மீன் அரியும் கத்தியிலும் பிழைப்பு நடக்கும் ஒகேனக்கல்லில் காயம்படாத கை கால் அரிது. அக்காயம் எங்ஙனம் ஆறுகிறது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

நம் குருதியின் ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் உள்ளன. குருதிப் பெருக்கை அடைப்பதில் இவற்றின் பங்கினை 1882-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிட்சோட்செரோ விளக்கினார். அடைப்பதே இவற்றின் பணி என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1974-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரசல் ராஸ் குழுவினர் ஆய்வொன்று நடத்தினர். உறைந்த குருதியினின்று பிரிந்த தெளிநீரில், குரங்கின் இரத்தக் குழாய்த் தசை உயிரணுக்கள் நன்கு பெருகின. தட்டணுக்களை முன்னரே நீக்கி எடுத்த நீரிலோ அவ்வாறு பெருகவில்லை. தட்டணுக்களின் சாரத்தைச் சேர்த்ததும் மீண்டும் பெருகின. வளர்ச்சியைத் தூண்டும் பொருள் தட்டணுக்களுக்குள் இருப்பது தெளிவாயிற்று. தோலின் உட்படலத்தை உருவாக்கும் நாரணுக்களையும் அப்பொருள் பெருகச் செய்கிறது. தட்டணுக்கள் வெளிவிடும் வேறு சில பொருள்கள், மேல்தோல் உயிரணுக்களைத் தூண்டிப் புண்ணின்மேல் படரச் செய்கின்றன. ஏரிக்கரை உடைந்தால், மண்மூட்டை அடுக்க முந்துவோரே கரை கட்டுவோரையும் கூவி அழைப்பது போன்றது இது.

ஆகவே புண்ணின் பொருக்கைப் பிய்த்தல் வேண்டா; சாணமும் காப்பித்தூளும் அப்புதல் வேண்டா. தூய நீரால் கழுவி, தூய துணியால் கட்டுக. ஆழ்ந்த காயமாயின் பென்னாகரம் அரசு மருத்துவமனைக்குச் சென்று இரண ஜன்னித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிக.

தொழுநோயாளரின் சதை தானே அழுகுவது என்று நம்பி, உலகம் அவர்களை ஊருக்குப் புறத்தே தள்ளியது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, உணர்ச்சியற்ற காலில் ஓயாது அழுத்தம் படுவதாலேயே புண் ஆறாமல் நிற்கிறது என்று காட்டினார். மாவுக்கட்டிட்டு ஓய்வளித்தபோது அப்புண்களும் ஏனையோர் புண்களைப் போலவே ஆறின. இன்று அத்தகைய புண்களுக்கு நோயாளியின் சொந்தத் தட்டணுக்களையே செறிவாக்கி இடும் சிகிச்சையும் நம் நாட்டில் செய்யப்படுகிறது.

ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டவர்களாகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆராயாத நம்பிக்கை மனிதரைத் தள்ளி வைத்தது. பொறுமையான ஆராய்ச்சி அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது. எவர் குருதியாயினும் தட்டணுக்கள் ஒரே பணியைத்தான் செய்கின்றன. மேனிலை வகுப்பில் அறிவியற் பிரிவு நமக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் உளர். பெற்றோர் அவ்வச்சத்தைப் போக்கி, அவர்களை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். அடுத்த ஆராய்ச்சி நம் பிள்ளைகளின் கையால் நிகழட்டும்.