நொடிக்கு 200 சென்டிமீட்டர்

என்ர தமிழ் பாதி வீட்டில கேட்டது, பாதி வாசிச்சுப் படிச்சது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

லண்டனில பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்தில இருந்த நைஜீரியப் பிள்ளைக்கு சிக்கிள் செல் வருத்தம். வலி வந்தால் ஒரு கிழமைக்கு வரமாட்டாள். "நடிக்கிறாள்" எண்டு சொன்ன ஆக்களும் இருந்தவை. இப்ப இரத்த நோய்களைப் பற்றிப் படிக்கேக்க அவளைத்தான் நினைக்கிறன். வலியை விடப் பயப்பட வேண்டியது ஒண்டு இருக்கு: பக்கவாதம். முன்கூட்டிக் கண்டுபிடிக்காவிட்டால், இந்த நோயின் கடுமையான வகை உள்ள 10 பேரில் ஒருவருக்கு 20 வயதுக்கு முன்னரே அது வரும்.

ஏன்? சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சீக்கிரம் உடைகின்றன. ஹீமோகுளோபின் குறைகிறது. ஒட்சிசன் காணாமல் மூளை கூடுதல் இரத்தத்தை இழுக்கிறது. அதோடு இரத்தக் குழாயும் ஒடுங்கினால்? தோட்டத்துக் குழாயின் வாயை விரலால பொத்திப் பாருங்கோ, தண்ணி சீறும். அதேதான்.

குறைந்த ஹீமோகுளோபின், உடைந்த அணுக்களில் இருந்து கசியும் எல்டிஎச் நொதி, இவை எச்சரிக்கைகள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று இரத்தப் பரிசோதனை மட்டும் சொல்லாது. நெற்றிப்பொட்டில் அல்ட்ராசவுண்ட் வைத்து இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்க வேண்டும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து.

1998இல் அமெரிக்காவில் வெளியான 'ஸ்டாப்' ஆய்வில் அப்படிப்பட்ட 130 பிள்ளைகள். தொடர்ந்து இரத்தம் ஏற்றிய 63 பேரில் ஒருவருக்குப் பக்கவாதம். மற்ற 67 பேரில் 11 பேருக்கு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

21 வருசம் கழித்து, 2019இல்? அதே நாட்டில், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் இருந்த பிள்ளைகளில், 2 முதல் 9 வயதுவரை 47 சதவீதம், 10 முதல் 16 வரை 38 சதவீதம் பேருக்குத்தான் இந்த ஸ்கேன் கிடைத்தது. அறிவியல் பிந்தேல்லை தோழர்களே. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள்.

இது புதுக்கதை இல்லை. 1971இல் பிளாக் பாந்தர் கட்சி தன் இலவச மருத்துவ நிலையங்களில் சிக்கிள் செல் பரிசோதனை தொடங்கியது. சட்டம் 1972இல்தான் வந்தது.

"எங்களுக்கு என்ன?" எண்டு கேட்கலாம். இந்தியாவில் இந்த நோயின் மரபணுவை முதலில் கண்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். எங்கட மக்கள் எண்டு சொல்லேக்க அந்த மலைப் பிள்ளைகளும் அதில இருக்கினமா? 2047க்குள் நோயை ஒழிப்பதாக இந்திய அரசு 2023இல் திட்டம் அறிவித்தது. இரத்தத்தைச் சோதித்து அட்டை கொடுத்தால் போதாது. மூளை ஸ்கேன் வேணும். இரத்தம் ஏற்ற வசதியில்லாத இடத்தில் ஹைட்ரொக்சியூரியா மாத்திரையும் காக்கும் என்று நைஜீரியாவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான் கேட்பது ஒண்டுதான். உங்கட பகுதியில சிக்கிள் செல்லுக்காகப் போராடுகிற கறுப்பினத் தோழர்களோட போய் நில்லுங்கோ. சேர்ந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கேளுங்கோ: 2 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வருசம் ஸ்கேன் நடந்தது?

என்ர சிநேகிதிக்கு அது நடந்ததா எண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லை. அப்ப எனக்குக் கேட்கத் தெரியாது. இப்பத் தெரியும்.