பளிங்கு என்னும் பெயரில் இரண்டு கற்கள்



மொழியியல் பயின்றோர்க்குக் கனிமங்களிடம் என்ன வேலை என்று பங்சாரில் கூடியுள்ள இவ்வவை வினவலாம். ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் நாம் கண்ட இரண்டு வெண்கற்களே அதற்குக் காரணம். இரண்டின் கீழும் ‘பளிங்கு’ என்றே சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒன்று குவார்ட்சு, மற்றொன்று சலவைக்கல்.

எழுதிய ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. அகராதியே இரு பொருளையும் தருகிறது. பழந்தமிழில் பளிங்கு என்பது ஒளி ஊடுருவும் படிகம். மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்துப் பளிக்கறைக்குள் புகுந்தவளின் உருவம் வெளியே நின்ற உதயகுமரனுக்குத் தெரிகிறது. சலவைக்கல் சுவராயின் தெரிந்திராது. பின்னாளில் வெண்மையும் வழவழப்பும் கண்டு மக்கள் அப்பெயரைச் சலவைக்கல்லுக்கும் நீட்டினர். வழக்கில் அது பிழையன்று. வகுப்பறையில்தான் இடர்ப்பாடு.

ஏனெனில் நிறம் மிக எளிதில் ஏமாற்றும் பண்பு. கடினத்தன்மை அவ்வாறு ஏமாற்றாது. 1812இல் பிரெடெரிக் மோசு வகுத்த பத்துப் படிகளில் முதற்படி டால்க். நம் பாட்டிமாரின் கல்சட்டிக்குரிய மாக்கல்லில் மிகுந்திருப்பது இதுவே. மாவுபோல் உதிர்வதால் மாக்கல். பண்பையே பெயராக்கிய முன்னோரை எண்ணி நாம் வியப்பதுண்டு. சலவைக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டு 3ஆம் படி. குவார்ட்சு 7ஆம் படி. பேனாக்கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. ஆகவே கத்திமுனை முன்னதைக் கீறும், பின்னதைக் கீறாது. கால்சைட்டுத் தூளின்மேல் காடி ஊற்றினால் நுரைக்கும், குவார்ட்சு வாளாவிருக்கும். உடையும் விதமும் வேறு. கால்சைட்டு சாய்ந்த தளங்களில் பிளவுபடும். குவார்ட்சுக்குப் பிளவுத்தளம் இல்லை. அது சங்கின் உட்புறம்போல் வளைந்து முறியும். அறிவியல் தமிழில் இதனைச் ‘சங்கு முறிவு’ என்பர், நல்ல சொல்.

இவ்விரண்டையும் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று நாம் படியேறும் பத்துமலை சுண்ணாம்புக்கல். அதற்குக் கிழக்கே தாமான் மெலாவத்திக்குப் பின்னால் வெள்வரம்பாய் நிற்கும் கிள்ளான் கேட்ஸ் முகடு குவார்ட்சு. நீளம் 14 கிலோமீட்டருக்கு மேல். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துக் குகையாக்கிற்று. குவார்ட்சு எளிதில் கரையாது, தேயாது. சுற்றியிருந்த பாறை அரிந்து போக, அது முகடாய் எஞ்சிற்று. (கல் பெயர்க்க எவரும் அங்குச் செல்ல வேண்டா, கட்டுமானக் கடையின் துண்டுகளே போதும்.)

ஈயம் என்ற சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. நம் நாட்டு ‘ஈயச்சுரங்கம்’ காரீயத்துக்கு உரியதன்று, வெள்ளீயத்துக்கு உரியது. வெள்ளீயம் என்று பெயர் இருப்பினும் அதன் தாதுவாகிய கேசிட்டரைட்டு பெரும்பாலும் பழுப்பு அல்லது கறுப்பு. சுங்கை பீசி என்றால் இரும்பாறு. அங்கே தோண்டியது வெள்ளீயம்! பெயரை நம்பாமல் டூலாங் தட்டை நம்பினர் அக்காலப் பெண்கள். கேசிட்டரைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 7, குவார்ட்சு மணலுக்கு 2.65. நீரில் தட்டைச் சுழற்ற மணல் வழிந்தோடும், தாது அடியில் தங்கும். உடன் தங்கும் கருமணலான இல்மனைட்டை வலிய காந்தம் இழுக்கும். தூய கேசிட்டரைட்டு அசையாது. மெருகிடாத ஓட்டில் தேய்த்தாலும் வேறுபாடு தெரியும்: இல்மனைட்டு கருங்கோடு இடும், கேசிட்டரைட்டின் கோடோ வெளிறியது.

இக்கோட்டின் நிறத்துக்குப் பாடநூல்கள் தரும் சொற்கள் பல. ‘உரைநிறம்’ என்பதே நமது பரிந்துரை. பொற்கொல்லரின் உரைகல் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நகைக்கடைக்குச் சென்ற சிறாருக்குப் புதிதன்று. கல்லில் உரைத்து நிறம் பார்ப்பது என்று ஒருமுறை காட்டினால் சொல் தானே விளங்கும்.

அப்பள்ளிச் சீட்டுகளை மாணவரே மாற்றினர். ஒன்றில் ‘சலவைக்கல்’ என்று எழுதினர். மற்றதை என்னவென்று எழுதுவது என அவர்கள் தயங்கி நிற்க, அவ்வழி வந்த முதிய காவலர் ஒருவர், “இது வெங்கச்சங்கல்தானே, ஐயா” என்றார். சீட்டில் குவார்ட்சு என்றும் அதன்கீழ் அவர் சொன்ன சொல்லும் இப்போது உள்ளன.