மாநகர ஊழியத்துக்குப் போகும் முன் வாசியுங்கள்
(ஆண்டு விழாவில் வழங்கிய செய்தி)



கிழக்கு லண்டன் தெருக்களில் ஊழியம் செய்ய நம் வாலிபர் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் நம்மில் பலர் ஞாயிறன்று காரில் வந்து, ஆராதித்து, காரிலேயே வீடு திரும்புகிறோம். ஆலயத்துக்கு எதிர்வீட்டில் இருப்பவரின் பெயர் நமக்குத் தெரியாது. அறியாத ஒருவருக்கு நாம் எப்படி ஊழியம் செய்வது? எனவே போகும் முன் வாசியுங்கள்.

முதலில் வேதாகமம். எருசலேமுக்கு வந்த நெகேமியா உடனே பேசத் தொடங்கவில்லை. மூன்று நாள் தங்கினார். பிறகு இராத்திரியில் எழுந்து, இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். அதன் பின்புதான் வாய் திறந்தார். எரேமியா 29ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குத் தேவன் சொன்னது என்ன? அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே. ஊர் விட்டு வந்த நமக்கு இது எத்தனை பொருத்தமான வார்த்தை!

அடுத்து, வில்லியம் பூத் 1890இல் வெளியிட்ட 'இன் டார்க்கஸ்ட் இங்கிலாந்து'. 1865இல் இதே கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் ஊழியத்தைத் தொடங்கியவர் அவர். அதுவே இரட்சணிய சேனையாக வளர்ந்தது. நாகர்கோவிலில் உள்ள காதரின் பூத் மருத்துவமனை அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கியது. லண்டனில் ஒரு வண்டிக் குதிரை விழுந்தால் தூக்கி நிறுத்துகிறார்கள். அதற்குத் தங்க இடமும் தீனியும் வேலையும் உண்டு. மனிதனுக்கு அவ்வளவாவது வேண்டாமா என்று அந்தப் புத்தகத்தில் கேட்கிறார்.

பிள்ளைகளே, கவனியுங்கள். அந்நாளில் தீக்குச்சி செய்ய வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற நஞ்சைப் பயன்படுத்தினார்கள். அதனால் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1891இல் பூத் ஓல்ட் ஃபோர்டில் அந்த நஞ்சு இல்லாத தீப்பெட்டித் தொழிற்சாலையைத் திறந்தார். கூலியும் கூட்டிக் கொடுத்தார். ஜெபித்தவரே தொழிற்சாலையும் கட்டினார்!

மூன்றாவது, ஜாக்கி புல்லிங்கரின் 'சேஸிங் தி டிராகன்'. 1966இல் 22 வயதில் தனியாகக் கப்பலேறி ஹாங்காங் போன இங்கிலாந்துப் பெண் இவர். கவுலூன் வால்ட் சிட்டி என்ற இடத்தில் போதைக்கு அடிமையானவர்களிடையே ஊழியம் செய்தார். பின்னாளில் ஏறத்தாழ 6 ஏக்கருக்குள் 30,000 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. சீக்கிரம் பலன் தேடுகிறவர்கள் இதை அவசியம் வாசிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருந்து செய்த ஊழியம் அது.

நான்காவது, அமெரிக்காவின் ஜான் பெர்கின்ஸ் 1976இல் எழுதிய 'லெட் ஜஸ்டிஸ் ரோல் டவுன்'. மிசிசிப்பியில் ஒரு காவலர் சுட்டதில் அவருடைய அண்ணன் இறந்தார். கலிபோர்னியாவுக்குப் போய் நல்ல வாழ்வு பெற்ற பெர்கின்ஸ், 1960இல் அதே மிசிசிப்பிக்குத் திரும்பினார். 1970இல் சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்டார். அதன் பிறகும் வெள்ளையரும் கறுப்பரும் ஒப்புரவாக வேண்டும் என்றே உழைத்தார். ஏழைகளின் நடுவிலே குடியிருந்து ஊழியம் செய்வதை அவரிடம் கற்கலாம்.

கடைசியாக, கார்பெட், ஃபிக்கர்ட் இருவரும் எழுதி 2009இல் வந்த 'வென் ஹெல்பிங் ஹர்ட்ஸ்'. வீடு எரிந்து நிற்பவருக்கு உடனே உணவும் உடையும் வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வறுமையில் இருப்பவருக்கு அதையே கொடுத்துக்கொண்டிருந்தால், அவரைக் கைநீட்டவே பழக்குகிறோம். நாம் பெரியவர்கள் என்ற நினைப்பும் நமக்குள் வந்துவிடுகிறது. "இவருக்கு என்ன இல்லை?" என்று கேட்கும் முன், "தேவன் இவருக்கு என்ன தந்திருக்கிறார்?" என்று கேளுங்கள்.

இவற்றைத் தனியாக வாசிக்காதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, மாதம் ஒரு புத்தகம் போதும். ஒரு அதிகாரம் முடிந்ததும், ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒருமுறை நடந்து வாருங்கள். ஒருவரின் பெயரையாவது கேட்டு அறிந்து, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களில் சிலர் நம்மோடு பந்தியிலே உட்கார்ந்திருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

ஆமென்.