உபகாரச் சம்பளமும் ஊர்ப்பிள்ளைகளின் குரலும்

(இலஞ்சியில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சங்கீதமாகும். நாம் பாட வரவில்லை. பாடினால் நீங்கள் இங்கு உட்கார்ந்திருக்கவும் மாட்டீர்கள். (சிரிப்பு) பாடத் தெரிந்த நம் பிள்ளைகள் இசைப் பள்ளிக்கும், இசைக் கல்லூரிக்கும், அதற்கென்று கொடுக்கப்படும் உபகாரச் சம்பளத்துக்கும் போட்டி போடப் போனால் அங்கு எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதைப் பற்றியே பேச வந்தோம். உபகாரச் சம்பளம் என்பதை இப்போது உதவித்தொகை என்கிறார்கள். பெயர் எதுவாயினும் சரி, அது யார் வீட்டுக்குச் சுலபமாய்ப் போய்ச் சேருகிறது என்பதுதான் நமக்குக் கேள்வி.

இந்தப் பக்கத்தில் குரலுக்குப் பஞ்சமில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர்தான் எஸ். ஜி. கிட்டப்பா. 27 வயதிலேயே, 1933-ல், இறந்துபோனார். அதற்குள் தமிழ்நாடு முழுவதும் அவர் குரலுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது. அவர் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவரேயானாலும் வறுமை அவரையும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனார். இன்னொருவர் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். இவர் எந்த ராஜாவின் மானியத்தையும் எதிர்பாராமல், மருந்து விற்றுச் சம்பாதித்த தம் சொந்தப் பணத்தைச் செலவு செய்து, 1912 முதல் தஞ்சாவூரில் சங்கீத மகாநாடுகள் கூட்டினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட புஸ்தகம் எழுதி அச்சிட்டார். சங்கீத சாஸ்திரம் ஒரு கூட்டத்தாருக்கே சொந்தம் என்று எண்ணப்பட்ட காலத்தில், ஒரு நாடார் கிறிஸ்தவர் வித்வான்களையெல்லாம் தம் வீட்டுக்கு வரவழைத்துச் சுருதிக் கணக்குக் கேட்டார் என்றால், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தென்காசிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும் என்று கேட்டால் நமக்கு வெட்கமாயிருக்கிறது.

கிட்டப்பாவின் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது யார் என்றால், நாடகக் கம்பெனிதான். பாய்ஸ் கம்பெனியில் சோறு போட்டார்கள், துணி கொடுத்தார்கள், வாத்தியாரை வைத்துப் பாட்டும் வசனமும் நெட்டுருப் போடச் சொன்னார்கள். அடியும் உண்டு, உதையும் உண்டு. மகரக்கட்டு உடைந்து குரல் போனால் அந்தப் பையனுடைய கதி அதோகதி. ஆகவே அதை நாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரு நியாயம் அங்கு இருந்தது. "முன்னே யாரிடம் எத்தனை வருஷம் படித்தாய்?" என்று கேட்டுப் பையனை எடுக்கவில்லை, "பாடு பார்ப்போம்" என்றுதான் கேட்டார்கள். கொடுமுடியில் 1908-ல் பிறந்து, வறுமையால் ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி கே. பி. சுந்தராம்பாள், பின்னால் 1935-ல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்றால், யாரோ ஒருவர் அந்தக் குரலுக்குக் காது கொடுத்ததுதான் தொடக்கம்.

இப்போது என்ன நிலைமை? நாடகக் கம்பெனி போய்விட்டது. சர்க்கார் வந்திருக்கிறது. நல்லதுதான். திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். குரலிசைக்கு ஏழாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். நாதசுரம், தவில், தேவாரம் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு. சம்பளம் சொற்பம்; மாணவர்களுக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அதற்கு மேலே போகவேண்டுமானால் சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய நான்கு இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1949-ல் ஆரம்பித்தது. 2013-ல் இசைக்கும் கவின்கலைக்கும் என்று ஒரு பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இவ்வளவும் நம் வரிப்பணம். அங்கே போய் நிற்பது யாரிடமும் பிச்சை கேட்பதாகாது.

இனி, டில்லி சர்க்கார் கொடுக்கும் உபகாரச் சம்பளத்தைப் பாருங்கள். 10 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்படுத்திய தொகை வருஷத்துக்கு 3,600 ரூபாய், அதாவது மாதம் 300. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், ஆசிரியர் சம்பளத்துக்கென்று தனியாகவும் ஒரு தொகை உண்டு. கலையையே பரம்பரைத் தொழிலாய்க் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நாம் வரவேற்கிறோம். தோளில் துண்டு போடக்கூடாது என்று சொல்லி ஊர்வலத்தில் நடக்கவைக்கப்பட்ட நாதசுரக்காரன் பேரனுக்கு அந்த இடம் கிடைப்பது நியாயமே. ஆனால் பீடி சுற்றுகிறவர் மகளும், நாற்று நடுகிறவர் மகனும் பரம்பரைக் கலைக்குடும்பமும் அல்ல. பாட்டு வாத்தியாரை வீட்டுக்கு வரவழைக்கிற குடும்பமும் அல்ல. அவர்கள் எந்த வரிசையில் நிற்பது?

அடுத்தது, 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கொடுக்கும் திட்டம். தொகை பரவாயில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதற்கு விண்ணப்பம் போடுகிறவர், ஒரு குருவிடமோ ஒரு ஸ்தாபனத்திலோ குறைந்தது ஐந்து வருஷமாவது பயிற்சி பெற்றிருக்கவேண்டும். தோழர்களே! பயிற்சி பெறப் பணமில்லாதவனுக்கு உதவிப் பணம். அந்தப் பணத்தை வாங்க ஐந்து வருஷப் பயிற்சி! நீந்தத் தெரிந்தவனுக்குத்தான் நீச்சல் கற்றுக்கொடுப்போம் என்பது போலல்லவா இருக்கிறது? மேற்பயிற்சிக்கான பணம் இது, அடிப்படை தெரிந்தவனுக்குத்தான் கொடுக்கமுடியும் என்று சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தில் நியாயம் இல்லாமலுமில்லை. ஆனால் அந்த முதல் ஐந்து வருஷத்தை இலஞ்சியில் எவன் கொடுக்கிறான் என்பதற்குப் பதில் இல்லையே!

பரீட்சை நடக்கும் இடத்துக்கு வருவோம். பையன் போய் உட்காருகிறான். சுருதி சேர்ந்து நிற்கிறதா, தாளம் தவறாமல் வருகிறதா, ஒரு தடவை கேட்டதைத் திருப்பிப் பாடுகிறானா என்று பார்ப்பது சரியான பரீட்சை. ஆனால் நடப்பது பலவிடங்களில் அவ்வளவோடு நிற்பதில்லை. "குரு யார்?" என்று ஒரு கேள்வி. "எந்த ஊர்?" என்று ஒரு கேள்வி. "அப்பாவுக்கு என்ன உத்தியோகம்?" என்று ஒரு கேள்வி. வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடியும், மாதாகோயிலில் கூட்டத்தோடு பாடியும் வளர்ந்த குரலைக் கேட்டதும், பாட்டுக்கு முன்பே முகத்தில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. தெலுங்குக் கீர்த்தனத்தில் ஒரு சொல் தடுமாறினால் பையனுக்கு ஞானமில்லை என்கிறார்கள். அர்த்தம் தெரியாத பாஷையில் தடுமாறாமல் பாடுவது எந்த ஞானம் என்று நமக்கு விளங்கவில்லை. 1941-ல் அண்ணாமலைநகரில் தமிழிசை மகாநாடு கூடியபோதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டபோதும் எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் தமிழில் பாடவேண்டும் என்பதற்கே இயக்கம் வேண்டியிருந்தது!

இதற்குப் பரிகாரம் என்னவென்றால், திரை போடவேண்டும் என்கிறோம். இது நம் கற்பனையல்ல. அமெரிக்காவில் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது, வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் திரை கட்டும் வழக்கம் 1970-க்குப் பின் பரவியது. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்பதற்காகத் தரையில் விரிப்புக்கூடப் போட்டார்கள். 1970 வாக்கில் அங்குள்ள முதல் ஐந்து குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. 1990-களின் கடைசியில் நூற்றுக்கு 25 என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். திரை ஒன்றே காரணமென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரு முழத்துணிக்கு அந்த மாற்றத்தில் பங்குண்டு என்று ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். இங்கு கட்டினால் பெயரும் தெரியாது, நெற்றியும் தெரியாது, நிறமும் தெரியாது. குரல் மட்டும் தெரியும். சங்கீதப் பரீட்சைக்கு அது போதாதா?

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லாய்ப் பாடுகிற பெண்ணைப் பத்து வயதானதும் "வாயை மூடு" என்று சொல்லும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. காரணம் கேட்டால் "குடும்பப் பெண்ணுக்குப் பாட்டு எதற்கு?" என்கிறார்கள். பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-ல் சட்டத்தால் ஒழிந்தது. அந்தக் குலத்துப் பெண்கள் பாடியவரையில் அது இழிவு. மேல்சாதி வீட்டுப் பெண்கள் அதே பாட்டை மேடையில் பாட ஆரம்பித்ததும் அது தெய்வீகக் கலை! இந்தப் பித்தலாட்டத்தை நம்பியா உங்கள் மகளின் குரலைப் பூட்டி வைக்கிறீர்கள்? அரசுப் பள்ளியில் படித்த பெண் அங்கீகாரம் பெற்ற பட்டம், பட்டயப் படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022-ல் தொடங்கியது. இசைப் படிப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று சேருகிற கல்லூரியிலேயே கேட்டுப் பாருங்கள். கேட்காதவனுக்கு எந்தச் சர்க்காரும் தேடிவந்து கொடுப்பதில்லை.

சபையிலிருந்து ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சங்கீதம் படித்தால் பக்திப் பாட்டைத்தானே பாடவேண்டியிருக்கும்? நாம் எதற்கு ஆதரிப்பது?" என்பது கேள்வி. நல்ல கேள்வி. ச, ரி, க, ம என்பதில் எந்தச் சாமியும் இல்லை. அது சத்தத்தின் கணக்கு. பாரதிதாசன் பாட்டுக்கும் அதே சுரந்தான், தாலாட்டுக்கும் அதே சுரந்தான். நெல்லை யார் தின்றான் என்று பார்த்தா உழவு கற்றுக்கொள்கிறோம்? பாடுகிறவனுக்கு வித்தை கைவந்தால், எதைப் பாடுவது என்று தீர்மானிக்கும் சக்தியும் அவனுக்கே வரும்.

சரி, திரை போடும்வரையில் நாம் என்ன செய்வது? அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்று ஒரு கறுப்பினப் பெண் 1897-ல் பிறந்தார். தகப்பனார் சிறுவயதிலேயே இறந்துபோனார். தாய் அடுத்த வீட்டுத் துணி வெளுத்தும் தரை கழுவியும் காப்பாற்றினார். பெண் ஒரு சங்கீதப் பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கப் போய் வரிசையில் நின்றபோது, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் என்ன நடந்தது? அவர்கள் தெருவாரும், அவர் பாடிவந்த மாதாகோயில் கூட்டத்தாரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, நல்ல ஆசிரியரிடம் படிக்கவைத்தார்கள். 1925-ல் சுமார் 300 பேர் கலந்துகொண்ட போட்டியில் அந்தப் பெண் ஜெயித்தார். 1939-ல் ஒரு மண்டபத்தில் பாட இடம் கொடுக்கமாட்டோம் என்றார்கள்; ஏப்ரல் 9-ந் தேதி வாஷிங்டனில் திறந்த வெளியில், 75,000 பேருக்கு முன் பாடினார். 1941-ல் தமக்குக் கிடைத்த 10,000 டாலர் பரிசைக் கொண்டு, இளம் பாடகர்களுக்காக ஒரு பரிசுப் போட்டியையே ஏற்படுத்தினார்.

அந்தத் தெருவார் ஒன்றும் ஜமீன்தார்களல்ல. நம்மைப் போலக் கூலிக்காரர்கள். இந்த ஊரில் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் வீடுதோறும் வரி வசூலிக்கத் தெரிந்தவர்கள், ஒரு பாட்டு வாத்தியாருக்கு வாரம் இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வசூலிக்கமுடியாதா? திட்டத்தில் கேட்கிற அந்த ஐந்து வருஷத்தை இலஞ்சியே கொடுத்துவிடலாமே! பத்து வயதில் ஆரம்பித்தால் பதினைந்து வயதில் கணக்கு முடிந்துவிடும்.

இசைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டியே விண்ணப்பம் கேட்பார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மாற்றுச் சான்று இவற்றை அப்போது போய்த் தேடினால் கிடைக்காது. முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு தோழர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளை இருந்தால் பெயர், வயது, வகுப்பு மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். வகுப்பு என்றால் பள்ளிக்கூடத்து வகுப்பு. (பெருத்த சிரிப்பு) மற்ற வகுப்பைத் தாசில்தாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.