அடுப்பும் புகையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



நமது மொழியிலே வறுமையைச் சொல்ல வந்தவர்கள் வயிற்றைக் காட்டியதோடு நில்லாமல் அடுப்பையும் காட்டியிருக்கிறார்கள். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன அடுப்பிலே காளான் முளைத்திருப்பதைப் புறநானூற்றிலே சொல்லுகிறார். 'அடுப்பிலே பூனை படுத்திருக்கிறது' என்று நாம் இன்றும் பேசுகிறோம். இந்த அடுப்புகளிலே இல்லாமற் போனது அரிசிதான், விறகு அல்ல.

2022ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகர் வேறொரு வறுமையைக் கண்டது. அரிசி இருந்த வீடுகளிலும் அடுப்பு எரியவில்லை. 2021 ஒக்டோபர்த் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் அது எளிதிற் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மனிதர் பாதி, வெற்றுச் சிலிண்டர் பாதியாக வரிசைகள் நீண்டன. மின்சார அடுப்பை நம்பலாமென்றால், மார்ச் இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை போயிற்று. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அதே ஆண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது.

அப்போதுதான் விறகு நகரத்துக்குத் திரும்பி வந்தது. மாடி வீடுகளின் பல்கனியிலும் மொட்டை மாடியிலும் மூன்று கற்கள் கூடின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய முதியவர்களுக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பனை மட்டையும் பொச்சுமட்டையும் சிரட்டையும் எரித்தே உலை கொதிக்க வைத்தவர்கள் அவர்கள். "விறகடுப்புச் சோற்றின் ருசியே தனி" என்று அவர்களிற் சிலர் மகிழ்ந்ததையும் கேட்டேன். ருசி உண்மைதான். ஆனால் அந்த ருசிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு கிலோ எரிவாயுவிலே ஒரு கிலோ காய்ந்த விறகைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் அடங்கியிருக்கிறது. அதற்குமேல், மூன்று கல் அடுப்பிலே எரியும் விறகின் வெப்பத்தில் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் ஏழிலொரு பங்குதான் பானைக்குப் போய்ச் சேரும். எரிவாயு அடுப்பிலோ பாதியளவு சேருகிறது. ஆகவே ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்ய நூறு கிலோவுக்கு மேற்பட்ட விறகு வேண்டும். அதை நான்காம் மாடிக்குச் சுமப்பது யார்? மழையிலே நனையாமல் அடுக்கி வைக்க அங்கே இடமேது?

சுமையைவிடக் கொடியது புகை. நம் மாடி வீட்டுக் குசினிகளிற் பல, புகைபோக்கி இல்லாமலே கட்டப்பட்டவை. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலோ சமைக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருக்கும் வீடுகளும் உண்டு. வீட்டுப் புகையினால் உலகெங்கும் ஆண்டுக்கு 32 இலட்சம் பேர் மடிகிறார்கள் என்பது 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்பின் முன்னே அதிகநேரம் இருப்பவர்கள் பெண்களும், அவர்கள் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகளுமே.

அப்படியானால் விறகை ஒரேயடியாகத் தள்ளிவிடலாமா? மலையகத்தை நினைத்தால் வாய் அடைத்துப் போகிறது. நுவரெலியாப் பக்கத்து லயங்களிலே, கவ்வாத்து வெட்டிய மிலாறு எரியும் அடுப்புத்தான் உலையையும் கொதிக்க வைக்கிறது; குளிரையும் விரட்டுகிறது. எரிவாயு அடுப்பு சோற்றை ஆக்கித்தரும், ஆக்கியதும் அணைந்துவிடும். விடியற் குளிரிலே மலைக்குப் புறப்படும் தாய் கையைக் காய்ச்சிக்கொள்ள அதிலே தணல் இராது. அங்கே வேண்டியது, புகையை வெளியேற்றும் புகைபோக்கியும், குறைந்த விறகிலே எரியும் அடுப்பும். எண்பதுகளிலே நமது நாட்டிலேயே உருவான 'அநகி' என்னும் மண் அடுப்பு, ஒரே தீயிலே இரண்டு பானைகளைக் கொதிக்க வைத்து விறகை மிச்சப்படுத்துகிறது. நகரத்திலோ, மாடி வீடு கட்டுவோர் குசினிக்கு நல்ல காற்றோட்டத்தையும், ஓர் எரிபொருள் பொய்த்தால் இன்னொன்றை ஏற்றுவதற்கான இடத்தையும் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு' என்ற பழமொழியை வகுப்பிலே சொல்லும்போது, ஊதுவது என்றால் என்னவென்று நகரத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. 2022க்குப் பின்பு விளக்கத் தேவையில்லை. தாய்மார் ஊதியதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். "ஊதினால் இருமல்தான் வரும் சேர்" என்றான் ஒருவன். எவரும் சிரிக்கவில்லை.

எழுதும் கை படைத்த நேயர்களே, வரிசையிலே நின்றவர்களின் கதையை எழுதுங்கள்; அதோடு, வரிசைக்கே வராமல் மொட்டை மாடியிலே ஈரவிறகோடு போராடியவளின் கதையையும் எழுதுங்கள். அவளுடைய கண் சிவந்தது அழுகையினால் அல்ல என்பதையும் மறவாமற் சேர்த்துவிடுங்கள்.