சித்திரம் பேசும் ஏடுகள்



மூணாற்றிலிருந்து கீழிறங்கும் மலைப்பாதையில், பள்ளிவாசலுக்கு அண்மையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது சித்திரபுரம். பெயரிலேயே சித்திரத்தைச் சுமக்கும் அவ்வூரிலிருந்து வந்திருக்கும் நான், சித்திரக்கதை நூல்களைப் பற்றியும், அவற்றை வெளியிடுவதையே வாழ்நாள் காரியமாக ஏற்றுக்கொண்ட ஒரு பதிப்பகத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1940ஆம் ஆண்டில் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமே இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். மலைமேலிருந்து இறங்கும் அதன் பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்தே வளர்ந்த தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு, மின்சாரம் என்பது பயமும் பக்தியும் கலந்த ஓர் அதிசயம். அந்த வயதில், போடிநாயக்கனூருக்குப் போய்த் திரும்பிய என் மாமா, மளிகைச் சாமான்களோடு ஒரு சிறு புத்தகத்தையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பெற்ற ஒருவன், மின்சாரம் பாய்ந்தவுடன் அந்தக் கை மட்டும் தெரிய, உடல் முழுவதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிற கதை அது. அன்றிரவு, மின்விளக்கின் விசையைத் தொடுவதற்கே என் விரல்கள் கூசின.

இரும்புக்கை மாயாவி என்று தமிழ்நாடு முழுவதும் பிரசித்தி பெற்ற அந்தக் கதாபாத்திரம், 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் வாரப் பத்திரிகையில் பிறந்தது. அதற்குச் சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெஸுஸ் பிளாஸ்கோ. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து, 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் என்னும் பெயரில் சிவகாசியிலிருந்து வெளியிட்டவர் சௌந்திரபாண்டியன் அவர்கள். சிவகாசியில் இது நிகழ்ந்தது தற்செயல் அன்று. 1920களின் தொடக்கத்தில் அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சு இயந்திரங்கள் வந்தன. அச்சு இயந்திரங்களைச் சுற்றி வண்ணத்தின் நுணுக்கம் அறிந்த தொழிலாளர் பரம்பரை ஒன்று உருவாயிற்று. தெய்வப் படங்களும் நாட்காட்டிகளும் அச்சான அதே ஊரில், தமிழ்ப் பிள்ளைகளுக்கான சித்திரக்கதைகளும் அச்சாயின.

1984ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சௌந்திரபாண்டியன் அவர்களின் புதல்வர் விஜயன், இருபது வயதைக்கூட எட்டாத இளம் பருவத்தில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அன்று முதல் இன்று வரையில், இடையிடையே தளர்ந்தும் மீண்டும் எழுந்தும், இந்தப் பணியை அவர் விடாமல் நடத்தி வருகிறார். 2010இல், பெல்ஜிய எழுத்தாளர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் படைத்த, தன் பெயரையே மறந்துபோன ஒரு மனிதனின் நெடுங்கதையை, 'இரத்தப் படலம்' என்னும் தலைப்பில் 800க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரே தொகுப்பாக வெளியிட்டார். 2012 முதல் நல்ல தாளில், முழு வண்ணத்தில் நூல்கள் வரத் தொடங்கின.

இதன் பின்னால் இருக்கும் உழைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு நாவலை மொழிபெயர்ப்பவருக்கு வாக்கியம் நீண்டால் பக்கம் இடம் கொடுக்கும். சித்திரக்கதையை மொழிபெயர்ப்பவருக்கோ, பிற தேசத்து ஓவியர் எப்போதோ வரைந்து முடித்துவிட்ட பலூன் என்னும் சிறு வட்டத்திற்குள், நம் தமிழின் நீண்ட வினைமுற்றுகளையும் அடுக்குத்தொடர்களையும் அடக்கியாக வேண்டும். சொல் மிகுந்தால் ஓவியம் மறையும். சொல் குறைந்தால் பாத்திரத்தின் குணம் மறையும். அயல்நாட்டு உரிமையாளருக்கு உரிய தொகையைச் செலுத்தி, தாளும் மையும் வாங்கி, சில ஆயிரம் வாசகர்களை மட்டுமே நம்பி அச்சிடும் ஒரு பிரசுரகர்த்தருக்கு மூலதனமாக இருப்பது, ஆண்டுதோறும் முன்கூட்டியே சந்தா அனுப்பும் ரசிகர்களின் நம்பிக்கைதான். புத்தகத்தைக் கண்ணால் காணுமுன்பே அதற்குப் பணம் அனுப்பும் அந்த அபிமானம், பதிப்புலகில் அபூர்வமான ஒரு செல்வம்.

ஆயினும், இவை சிறுவர்க்கான பொழுதுபோக்குத்தானே, இலக்கியமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு, லயன் வெளியீடாக வந்த 'நிஜங்களின் நிசப்தம்' என்னும் நூலைச் சுட்டிக்காட்டுவேன். பிலிப் குளோதெல் என்னும் பிரெஞ்சு நாவலாசிரியரின் கதையை, மனு லார்சனே என்னும் ஓவியர் கறுப்பு வெள்ளையில் தீட்டியது அது. யுத்தம் முடிந்தபின், மலைகளுக்கிடையே ஒரு கிராமத்திற்கு அந்நியன் ஒருவன் வருகிறான். ஊராரின் முகங்களை ஓவியங்களாக வரைகிறான். யுத்த காலத்தில் தாங்கள் செய்து மறைத்த பாவங்களை அந்த ஓவியங்களில் கண்டுகொண்ட ஊரார், அவனைக் கொன்றுவிடுகிறார்கள். வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட ஒருவனை அழைத்து, நடந்ததை எழுதித் தருமாறு பணிக்கிறார்கள். உண்மையைச் சொன்ன சித்திரத்திற்காக ஒருவன் உயிர்துறக்கும் இந்தக் கதையில், ஒரு சொல்லும் இல்லாமல், மரங்களும் முகங்களும் மட்டுமே நிறைந்த பக்கங்கள் பல. அந்த மௌனத்தைச் சித்திரமே ஏந்தி நிற்கிறது.

நாம் வாழும் கேரளத்திலும் இத்தகைய முன்னோடி உண்டு. பின்னாளில் திரைப்பட மேதையாக விளங்கிய அரவிந்தன், 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வாரப் பதிப்பில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகமும்' என்னும் சித்திரத் தொடரை வரைந்தார். அதன் நாயகனாகிய ராமு, ஆண்டுகள் செல்லச்செல்லத் தானும் வளர்ந்து, மாறினான். கேரளத்திற்கு அப்பால், 2011இல் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும், டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையைப் 'பீமாயண'மாகத் தங்கள் மரபு ஓவியத்திலேயே தீட்டினார்கள். ஒரு காலத்தின் துயரத்தையும் ஒரு சமூகத்தின் நியாயத்தையும் தாங்கும் வலிமை சித்திரக்கதைக்கு உண்டு என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

என் தாய்க்கு எழுத்துத் தெரியாது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பருகே அமர்ந்திருக்கும்போது, நான் சித்திரக்கதையை உரக்கப் படிப்பேன். அவர் படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்பார். ஒரு நாள், நல்லவனைப் போலப் பேசிக்கொண்டிருந்த ஒரு பாத்திரத்தைச் சுட்டி, "இவன் பொய் சொல்லுதாம்ல, கண்ணைப் பாரு" என்றார். பத்துப் பக்கம் கடந்த பிறகே கதை அதை ஒப்புக்கொண்டது. எழுத்தை மட்டுமே படித்த எனக்குத் தெரியாமற்போனது, ஓவியனின் கோட்டைப் படித்த என் தாய்க்குத் தெரிந்துவிட்டது. படம் பார்த்தல் படிப்புக்குக் கீழ்ப்படி என்று எவரேனும் சொன்னால், அந்த இரவை நினைத்துக்கொள்வேன்.

ஆகவே, இந்த மலையிலுள்ள வாசகசாலைகளை நடத்தும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் அலமாரிகளில் தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள். தானமாகக் கேளாமல், விலை கொடுத்து வாங்குங்கள். அந்த விலைதான் அடுத்த நூலுக்குத் தாளாகவும் மையாகவும் மாறும். பிறகு ஒரு மாலையில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாயும், கல்லூரியிலிருந்து வந்த மகளும், ஒரே மேசையில் ஒரே பக்கத்தின்மேல் குனிந்திருப்பதைக் காண்பீர்கள். அவர்களில் யார் படிக்கத் தெரிந்தவர் என்னும் கேள்வி அப்போது எழாது.